சத்தத்தின் சரித்திரம் – 17: பெங்களூர் வால்வும் கொச்சிக் கூம்பும்

சென்ற இதழில் 1931 கராச்சி காங்கிரஸ் மாநாட்டோடு நிறுத்தியிருந்தோம். நானிக் மோத்வானியின் ‘சிகாகோ ரேடியோ’ ஒலிபெருக்கிகள் தேசத் தலைவர்களின் குரலைக் கூட்டத்தின் கடைசி வரிசை வரை கொண்டுபோன கதை அது. பெயரில்தான் சிகாகோ, நடத்தியவர்கள் சிந்துக்காரர்கள். 1909இல் சிந்துப் பகுதியில் தொடங்கிய குடும்பத் தொழில் பிறகு பம்பாய்க்கு வந்தது. 1942 ஆகஸ்ட் 27ஆம் தேதி உஷா மேத்தாவின் ரகசிய காங்கிரஸ் ரேடியோ 42.34 மீட்டரில் பேசத் தொடங்கியபோது அதற்குக் கருவி கொடுத்து உதவியவர்களில் இதே நானிக் மோத்வானியும் ஒருவர். நவம்பர் 12ஆம் தேதி அந்த ரகசிய வானொலியைப் போலீஸ் கண்டுபிடித்தது, அவரும் கைதானார்.

அந்த நாளில் ஒலிபெருக்கியிடம் நாம் கேட்டது ஒன்றுதான்: தூரம் போக வேண்டும். நயம் பற்றி யாரும் கேட்கவில்லை. தூரம் போகும் சத்தத்தை நாமே செய்ய முடிந்தது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வீணைத் தந்தியில் விரல் நகர்வதுகூடக் காதில் விழும்படி கேட்கும் ஒலியை, ‘ஹை-ஃபை’ என்று உலகம் பெயர் வைத்த அந்த ஒலியை, நம் நாட்டில் செய்ய முடியுமா? இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஜப்பானும் அமெரிக்காவும் மட்டுமே செய்கிற பொருள் அது என்று பலரும் இன்றும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

சங்கரன்கோவிலில் இருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கொடை எதுவானாலும் முதல் வேலை ‘ரேடியோ கட்டுவது’. தெருமுனை வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி ஏறிவிட்டால் விசேஷம் தொடங்கிவிட்டது என்று பக்கத்து ஊருக்கே தெரிந்துவிடும். ஆடித்தபசுக் கூட்டம் ரத வீதிகளில் நிறைகிற நாட்களில், அரைப்பங்கு சங்கரரும் அரைப்பங்கு நாராயணருமாகச் சுவாமி கோமதி அம்மனுக்குக் காட்சி கொடுக்கும் வேளை வரை, அறிவிப்பும் பாட்டும் ஓயாது. கரிசல் காட்டில் மேடு பள்ளம் குறைவு. அமைதியான இரவில் சத்தம் தடையில்லாமல் வெகுதூரம் போகும். இந்த ஊர்க்காரர்களுக்குக் குழாயின் குரலை வைத்தே எந்தக் கடை செட் என்று சொல்லத் தெரிந்திருந்தது. நல்ல ஒலிக்கு முதல் தேவை நல்ல காது. அது இங்கே பஞ்சமில்லாமல் இருந்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வருவதற்கு முன்பே, கடல் தாண்டி வரும் இலங்கை வானொலிக்காக ஏரியல் கம்பியை இழுத்து இழுத்துத் திருப்பிப் பழகிய காது அது.

காது இருந்தது. கருவிக்கு உயிர் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் பெங்களூரில் போய் நிற்போம்.

1954இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. ராணுவத்துக்குத் தகவல் தொடர்புக் கருவி செய்து கொடுப்பதே அதன் முதல் நோக்கம். முதலில் கைகொடுத்தது சி.எஸ்.எஃப். என்ற பிரெஞ்சு நிறுவனம். 1956இல் உற்பத்தி தொடங்கியது. 1961இல் ரேடியோவுக்கான வால்வுகளை, அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்களை, செய்ய ஆரம்பித்தது. இதற்குத் தொழில்நுட்பம் தந்தது ஹாலந்தின் பிலிப்ஸ். அதற்கு மறு ஆண்டே, 1962இல், ஜெர்மானியம் டிரான்சிஸ்டரையும் அதே நிறுவனம் செய்யத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 1954இலேயே டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்துவிட்டது. ஜப்பானில் 1955இல் சோனி கொண்டுவந்தது. உலகம் வால்வை மூட்டை கட்டத் தொடங்கிய வேளையில் நாம் வால்வு செய்யத் தொடங்கினோம். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது காலம் தாழ்ந்த முதலீடு. ஒலியைப் பற்றி எழுதுகிற எனக்கு அது பெரிய கொடை.

ஏனென்றால் பிலிப்ஸின் முறையில் செய்யப்பட்ட அந்த ‘பெல்’ வால்வுகளைப் பழைய கருவிப் பிரியர்கள் இன்றைக்கும் வெளிநாடுகளில் தேடி வாங்குகிறார்கள். ஈசிசி83, இஎல்84 என்ற எண்களைச் சொன்னால் வெளியாட்களுக்கு எதுவும் புரியாது. பழைய செட் வைத்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். முன்னது சின்னஞ்சிறு சமிக்ஞையை முதலில் பெருக்கிக் கொடுப்பது. பின்னது ஸ்பீக்கரைத் தள்ளும் சக்தியைத் தருவது. இஎல்84 இரண்டை எதிரெதிராக வேலை செய்ய வைத்தால் 10 வாட்டுக்கு மேல் கிடைக்கும். இங்கிலாந்தின் முல்லார்டு நிறுவனம் 1954இல் ‘5-10’ என்ற பெயரில் ஒரு சுற்றுப்படத்தை வெளியிட்டது. ஐந்து வால்வு, பத்து வாட்டு என்பது அதன் பொருள். உலகெங்கும் ரேடியோ படித்த பையன்கள் வீட்டில் ஹை-ஃபை கட்ட அந்த ஒரு படமே போதுமாக இருந்தது. அதில் வரும் இரண்டு முக்கிய வால்வுகள் இந்த ஈசிசி83, இஎல்84தான்.

இங்கே ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ஒன்றைப் பிரித்து உயிர் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அடிமூடியைக் கழற்றிய கையோடு மெக்கானிக் கரண்டைத் தொடவில்லை. முதலில் பெரிய கண்டென்சர்களில் தேங்கி நிற்கும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டரை வைத்து இறக்கினார். உள்ளே 300 வோல்ட் நிற்கும். தவறிக் கை பட்டால் ஆளைச் சாய்த்துவிடும். பிறகு வால்வை ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியின் தலைப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் ஒரு பளபளப்பு இருக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ள வைத்த பேரியப் பூச்சு அது. எங்காவது கீறல் விட்டுக் காற்று புகுந்திருந்தால் அந்த வெள்ளி பால்போல வெளுத்துவிடும். அப்புறம் அந்த வால்வால் பயனில்லை. ஒன்று வெளுத்திருந்தது. எடுத்து ஓரமாக வைத்தார். மற்றவற்றின் மேல் விரலை அழுத்தித் தேய்க்கவே இல்லை. எழுத்து அழிந்துவிடும், அழிந்தால் எது என்ன வால்வு என்று கண்டுபிடிக்க முடியாது.

எல்லாவற்றையும் திரும்பச் சொருகி, சுவிட்சைப் போட்டு, ஒரு பென்சிலின் பின்பக்கத்தால் ஈசிசி83இன் கண்ணாடியை மெல்லத் தட்டினார். ஸ்பீக்கரில் ‘ணங்’கென்று கேட்டால் உள்ளே தகடு தளர்ந்திருக்கிறது. கேட்கவில்லை. பாட்டைப் போடுங்கள் என்று அவசரப்பட்டேன். “சூடு ஏறட்டும் அண்ணாச்சி. இப்பமே போட்டா கொரலு கட்டிருக்கும்” என்றார். இழை சிவந்து, ஆம்ப் மெல்லச் சூடானபின் போட்டார். சொன்னது சரிதான்.

இந்த வேலையில் மிகக் கடினமான பொருள் வால்வு கிடையாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர். வால்வு தருவது அதிக வோல்ட்டும் குறைந்த ஆம்பியரும். ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர்மாறு. நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பது இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய செம்புக் கம்பி. முதல் சுற்றையும் இரண்டாம் சுற்றையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றினால்தான் உச்ச ஒலி மழுங்காது. இரும்பு போதவில்லை என்றால் அடி ஒலி உடையும். வெளிநாட்டு ஆம்ப்களின் விலையில் பெரும்பங்கு இதற்குத்தான். எங்கள் வட்டாரத்தில் கிணற்று பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைகள் நிறைய. சுற்றை எண்ணிக் கம்பி சுற்றிப் பழகிய கைகள் அங்கே உண்டு. மாதிரி ஒன்றைக் கொடுத்து இதுபோலச் சுற்றித் தாருங்கள் என்றால் சுற்றித் தரக்கூடியவர்கள். விவசாயத்துக்காக வளர்ந்த கைத்திறன் இசைக்கும் உதவியது. இதை எந்த ஹை-ஃபை வரலாற்றிலும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை என்று நினைக்கக்கூடாது. நல்ல ஒலி எதிர்பாராத நாடுகளில் பிறந்ததற்கெல்லாம் பின்னால் ஏறக்குறைய இதே காரணங்கள் நிற்கின்றன. ஒன்று, ராணுவத்துக்காகக் கட்டிய ஆலை. இன்னொன்று, வெளிநாட்டுச் சரக்குக்குச் சாத்திய கதவு.

1976 செப்டம்பரில் பெலென்கோ என்ற சோவியத் விமானி மிக்-25 போர் விமானத்தோடு ஜப்பானின் ஹகோடேட்டில் வந்து இறங்கினார். அமெரிக்கர்கள் விமானத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். உலகையே மிரட்டிய விமானத்துக்குள் வால்வுகள் இருந்தன. முதலில் ஏளனம் செய்தார்கள். பிறகுதான் அதிக வெப்பத்தையும் மின்காந்த அதிர்ச்சியையும் வால்வு தாங்கும் என்பதை எண்ணிப் பார்த்தார்கள். அந்த ராணுவத் தேவையால்தான் மேற்கு நாடுகள் வால்வு ஆலைகளை மூடிய பின்பும் ரஷ்யாவில் அவை ஓடின. வோல்கா நதிக்கரைச் சரடோவ் நகர ஆலையில் செய்த வால்வுகள் இன்று உலகெங்கும் கிதார் ஆம்ப்களில் எரிகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது அமெரிக்க இசைக்கடைகளே பதறின. ரஷ்யாவை விட்டால் பெரிய அளவில் வாங்கக் கையை நீட்ட ஸ்லோவாக்கியாவும் சீனாவும்தான் மிச்சம்.

ஹங்கேரியின் சேகெஷ்ஃபெஹர்வார் நகரில் 1938இல் தோட்டா செய்யத் தொடங்கிய ஆலை, போருக்குப் பின் ரேடியோவுக்கு மாறி, வீடியோட்டன் என்ற பெயரில் 1970களில் பிரிட்டன் வீடுகளுக்கு மலிவான நல்ல ஸ்பீக்கர் அனுப்பியது. லாட்வியாவின் ரீகா நகரில் ரேடியோடெக்னிகா செய்த எஸ்-90 ஸ்பீக்கருக்காக சோவியத் நாடு முழுவதும் இளைஞர்கள் ஏங்கினார்கள். பிரேசில் கதை இன்னும் வியப்பானது. வெளிநாட்டு மின்னணுச் சரக்குக்கு அந்நாடு வேலி போட்டதால் வளர்ந்த கிரேடியன்டே நிறுவனம், 1979இல் இங்கிலாந்தின் காரார்டையே விலைக்கு வாங்கியது. 301, 401 என்ற தட்டுச் சுழலிகளால் ஹை-ஃபை உலகில் கோயில் கட்டிக் கும்பிடப்பட்ட பெயர் அந்தக் காரார்டு. செக் நாட்டில் லிட்டோவெல் என்ற சிற்றூரில் டெஸ்லா ஆலை கம்யூனிச ஆட்சிக்காலத்தில் ரெக்கார்டு பிளேயர் செய்துவந்தது. ஆட்சி மாறியதும் ஆலை மூடிப்போயிருக்க வேண்டியது. ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் லிக்டெனெகர் அங்கே போய், அந்தத் தொழிலாளர்களின் கையை நம்பி 1990களின் தொடக்கத்தில் ப்ரோ-ஜெக்ட் என்ற பெயரில் செய்ய ஆரம்பித்தார். இன்று உலகில் அதிகம் விற்கும் ரெக்கார்டு பிளேயர்களில் அதுவும் ஒன்று. கையை நம்பினார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சுவரும் எந்திரமும் எல்லோருக்கும் தெரிந்தன. அவர் கண்டது ஆட்களை.

நம் நாட்டிலும் கதவு சாத்தியே இருந்தது. வெளிநாட்டு ஆம்ப், ஸ்பீக்கர், டெக் எதையும் சாதாரண மனிதர் இறக்குமதி செய்ய முடியாது. கொண்டுவந்தாலும் சுங்க வரி முழுங்கிவிடும். கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கம் வளைகுடா போய்வந்தவர்கள் வீட்டில் ஜப்பான் டூ-இன்-ஒன் இருக்கும். அதைப் பார்க்கவே ஆள் வரும். மற்றவர்கள் ரேடியோ வைக்கக்கூட 1980கள் வரை தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிக்கொண்டிருந்தோம். இந்த நெருக்கடியில்தான் 1970இல் கல்கத்தாவில் அசோக் முகர்ஜி சோனோடைன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆம்ப், ஸ்பீக்கர், ரெக்கார்டு பிளேயர் என்று முழு ஸ்டீரியோ செட்டையும் இந்தியாவிலேயே செய்து விற்றார். பம்பாயில் காஸ்மிக் இருந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பையன் ஒருவன் முதல்முதலாக இடது வலது பிரித்துப் பாட்டுக் கேட்டது பெரும்பாலும் இந்தப் பெட்டிகளில்தான். 1978இல் ‘ப்ரியா’ படப் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்து தந்தபோது, அதை அதன் முழு அகலத்தில் கேட்பதற்கு நம்மவர்களிடம் நம் நாட்டுப் பெட்டி இருந்தது. இருந்ததே என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

அதற்கும் முன்னோடியாகத் தமிழ்நாட்டில் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1941இலேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். வெள்ளை அரசு அதைத் தூக்கிப் பிடித்திருந்தால் பெங்களூர் வால்வுக்கு 20 வருடம் முன்பே தென்னிந்தியாவில் ஒரு ரேடியோத் தொழில் வேர்விட்டிருக்கும். அந்த ஆதங்கத்தைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம்.

1991இல் கதவு திறந்தது. சில வருடங்களில் ஜப்பான், கொரியா நிறுவனங்கள் கடைவீதியை நிறைத்தன. உள்ளூர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கதவு சாத்தியிருந்ததே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலிக்குள் மட்டமான சரக்கை நல்ல விலைக்கு விற்றவர்களும் உண்டு. வாங்கி ஏமாந்தவர்களும் ஏராளம். ஆனால் வேலிக்குள் கற்றுக்கொண்ட கையை அடுத்த படிக்கு ஏற்றிவிட ஒரு திட்டமும் இல்லாமல் கதவைத் திறந்தோம் என்பது என் மனக்குறை. சோனோடைன் தாக்குப்பிடித்தது. பாட்டுப் பதிவுக்கூடங்களுக்கான மானிட்டர் ஸ்பீக்கர்கள் செய்வதில் இறங்கி, வெளிநாட்டிலும் மதிப்புப் பெற்றது.

மறைந்தவற்றின் இடத்தில் வேறொரு வகை ஆட்கள் வந்தார்கள். தொழிற்சாலை முதலாளிகள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. ஒலியில் பைத்தியமாக இருந்தவர்கள். புணேயில் கேடன்ஸ் ஆடியோ, மெல்லிய படலத்தை மின்புலத்தில் அசைத்து ஒலியெழுப்பும் எலக்ட்ரோஸ்டேட்டிக் முறையையும் சாதாரணக் கூம்பையும் சேர்த்து ஸ்பீக்கர் செய்தது. பின்னால் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் செயலாளராக இருந்த அஜய் ஷிர்கேதான் அதை நடத்தியவர். டெல்லியில் லிரிட்டா ஆடியோ பழைய வால்வுகளைக் கொண்டு புது ஆம்ப் கட்டியது.

இவர்களில் எங்களுக்கு மிக அருகில் இருப்பவர் கொச்சிக்காரர். செங்கோட்டை மலைப்பாதையைத் தாண்டி, கொல்லம் வழியாக ரயில் பிடித்தால் ஒரு நாளுக்குள் போய்விடலாம். ஜேக்கப் ஜார்ஜ் ஒரு கட்டிடக் கலைஞர். அவர் தொடங்கிய ரெத்ம் நிறுவனத்தின் ஸ்பீக்கர்களுக்கு பாவா, த்ருஷ்ணா, மார்கா, சாதனா என்று பெயர். ஹை-ஃபை உலகம் வேதமாகப் படிக்கும் அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் இதழ் அவற்றை வரவழைத்துக் கேட்டு விமர்சனம் எழுதியது. விலை லட்சங்களில், நம்மில் பெரும்பாலோர் வாங்கக்கூடியது அல்ல.

அவர் பிடித்த வழிதான் எனக்கு முக்கியம். சாதாரண ஸ்பீக்கர் பெட்டியில் அடி ஒலிக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ஒன்று என்று கூம்புகள் பிரிந்திருக்கும். நடுவில் ஒலியைப் பங்கிடும் சுற்று ஒன்று இருக்கும். ஜார்ஜ் அந்தப் பங்கீட்டை விரும்பவில்லை. பாடகரின் குரல் முழுக்க ஒரே காகிதக் கூம்பிலிருந்து வர வேண்டும் என்று நினைத்தார். 1930களில் லண்டனில் பால் வோய்ட் வகுத்து, லோதர் நிறுவனம் தொடர்ந்து செய்துவந்த கூம்புகளில் இருந்து தொடங்கினார். பிறகு தன் சொந்தக் கூம்பையே உருவாக்கினார். ஆழமான அடி ஒலிக்கு மட்டும் பெட்டிக்குள்ளேயே தனி ஆம்ப் வைத்தார்.

இந்த வகைக் கூம்பின் பெரிய குணம், கொஞ்சம் மின்சாரத்திலேயே உரக்கப் பேசுவது. சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டில் 87 டெசிபெல் தருகிறது என்று வைத்துக்கொண்டால், லோதர் வகை 97 டெசிபெல்லைத் தொடும். பத்து டெசிபெல் என்பது பத்து மடங்கு சக்தி. அங்கே 10 வாட் செய்யும் வேலையை இங்கே ஒரு வாட் செய்துவிடும். சின்ன வால்வு ஆம்ப்பே போதும். இஎல்84 ஒன்றே போதும்.

எங்கள் வேப்பமரத்துக் குழாயின் குணமும் இதேதான். சின்ன யூனிட்டின் அசைவை நீண்டு விரியும் குழாய் காற்றோடு இணைத்துவிடும். அதனால்தான் சிறிய ஆம்ப் வைத்து ஊரையே எழுப்ப முடிந்தது. குழாய்க்குக் குறை, அடி ஒலி வராது. தவில் தகரமாகக் கேட்கும். குழாயை இன்னும் பெரிதாக்கினால், அல்லது பெட்டிக்குள் மடித்து நீளமாக்கினால், அடி ஒலியும் வரும். வோய்ட் வீட்டுக்குள் வைத்தது அதைத்தான். ஆக, சவுண்ட் சர்வீஸ் கடைக்காரருக்கும் கொச்சிக் கட்டிடக் கலைஞருக்கும் நடுவில் இருக்கும் தூரம், பௌதிகத்தில் பார்த்தால் மிகச் சிறியது. பணத்திலும் படிப்பிலும் கிடைத்த வாய்ப்பிலும் பார்த்தால் மிகப் பெரியது.

இப்போது காவல்துறை அனுமதியில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையையும் நோயாளியையும் நினைத்தால் இரண்டும் நியாயம்தான். குழாய்கள் இறங்கின, அவற்றோடு வால்வு ஆம்ப்களும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. செம்புக்காக டிரான்ஸ்பார்மரை உடைத்து எடுத்துவிட்டு வால்வைக் குப்பையில் வீசியதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். பிளக்கை மட்டும் நீங்களே சொருகிவிட வேண்டாம். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கண்டென்சர் வெடிக்கலாம்.

வால்வு ஆம்ப்பை வீட்டை விட்டு வெளியேற்றியதில் டிரான்சிஸ்டருக்கு இணையாக இன்னொன்றுக்கும் பங்குண்டு. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே இரண்டு சக்கரம், நடுவே பழுப்பு நாடா. கேசட் வந்ததும் எங்கள் ரத வீதிக் கடைகளின் தொழில் எப்படிப் புரண்டது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.